மீன் தொட்டியால் வீட்டு ஆர்சிசிபி டிரிப் ஆகிறது, உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு அடி நன்னீர் தொட்டி இருக்கிறது, ஏஞ்சல் மீன்கள். மழை தொடங்கியதிலிருந்து இரவில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (அந்த அளவுக்கு மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுந்துவிடுகிறது. முழு வீட்டுக்கும் அது ஒன்றுதான். காலையில் பார்த்தால் ஃபில்டர் நின்று, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன.

முதல் சந்தேகம் ஹீட்டர் மேல். அதன் சிவப்பு விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில்தான் பெரும்பாலும் டிரிப் ஆகிறது. கண்ணாடிக் குழாயின் உள்ளே, ரப்பர் மூடிக்குக் கீழே, மெல்லிய நீர்ப்பனி படிந்திருக்கிறது. சரி என்று அதைக் கழற்றி வைத்தேன். அப்புறமும் ஒருமுறை விழுந்தது! சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கையே பிடுங்கித்தான் சோதிக்கிறேன். சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் வழியாகக் கசிந்தாலும் டிரிப் ஆகும். ஒயர்களைப் பிளக்குக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன், தண்ணீர் வழிந்து சாக்கெட்டுக்குப் போக வழியில்லை.

எலக்ட்ரீஷியன் 100 மில்லி ஆம்பியர் போடலாம் என்கிறார். எனக்கு மனமில்லை. தொட்டிக்குள் கை விடுகிற வீட்டில் அது ஆளைக் காப்பாற்றாது.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், தொட்டி எல்லாவற்றின் சிறு கசிவும் சேர்ந்து அளவைத் தாண்டுகிறதா? ஃபில்டர் மோட்டாரை மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துச் சோதித்தவர்கள் உண்டா? தொட்டிக்கு மட்டும் தனி ஆர்சிபிஓ (மின்கசிவு, அதிக மின்னோட்டம் இரண்டுக்கும் துண்டிக்கும் கருவி) போட்டவர்கள் எப்படி வயரிங் செய்தீர்கள், சொல்லுங்கள்.