புற்றுக்காளானும் புல்வெளி வெள்ளைக் குடையும்

பசறைப் பையன்:
ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே காட்டோரத்தில் புற்று மண்ணருகே வெள்ளைக் காளான்கள் கூட்டமாய் முளைத்திருக்கின்றன. மைதானத்துப் புல்லிலும் ஏறக்குறைய அதே போன்றவை நிற்கின்றன. அப்பாயி உயிரோடிருந்தவரை அவர் மடியில் கட்டி வந்ததை நாங்கள் கேள்வி கேட்காமல் சாப்பிட்டோம். கொதிக்கும் குழம்பில் போட்ட பூண்டு கறுக்காவிட்டால் நஞ்சில்லை என்கிறார் சித்தி. அதை நம்பலாமா?

புற்றுமண்:
நம்பவே கூடாது, தம்பி. அமனிட்டா என்னும் கொடிய காளான் வகைகளின் நஞ்சு பூண்டைக் கறுக்க வைப்பதுமில்லை, கொதிக்க வைத்தால் அழிவதுமில்லை. நத்தை கடித்திருப்பதும் சான்றாகாது. புற்றுக்காளானை மண்ணோடு தோண்டிப் பாருங்கள். கறையான்கள் நிலத்தடியில் வளர்க்கும் பூஞ்சைக் கூட்டிலிருந்தே அது எழுவதால், தண்டு வேர் போல மெலிந்து ஆழமாக இறங்கும். குடையின் நடுவே கூரிய முனையொன்று இருக்கும். மேலோடு பிடுங்கினால் அந்த வேர் அறுந்துவிடும், முக்கியமான அடையாளமும் மண்ணிலேயே போய்விடும். பிறகு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கோப்பையை மூடி, இரவு முழுவதும் விடுங்கள். புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாகப் படியும். நஞ்சுள்ள வேறு சிலவும் அந்நிறத்தில் படிவதால், நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

லயத்து அக்கா:
மைதானத்துக் காளானை நான் ஒருமுறை சமைத்தேன். பார்வைக்கு அவ்வளவு அழகு. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டில் எல்லோருக்கும் வாந்தியும் வயிற்றோட்டமும். முற்றிய குடையின் அடிப்பக்கம் பச்சையாக மாறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேயிலை மலையில் முளைப்பதையும் விட்டுவிடுங்கள், அங்கே களைநாசினி அடிக்கிறார்கள்.

மலையடிவாரம்:
உடனே வாந்தி வருவதைவிட, ஆறு மணி நேரத்துக்குப் பிறகோ மறுநாளோ தொடங்குவதுதான் அதிக ஆபத்தானது, ஏனெனில் வயிறு தேறிவிட்டது போலத் தோன்றும் இடைவெளியிலும் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் காத்திராமல், இலங்கையில் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மிச்சக் காளானையும் கையோடு கொண்டுபோங்கள்.

பசறைப் பையன்:
கவ்வாத்துக் கத்தியால் தோண்டினேன். புற்றருகே இருந்ததன் வேர் முழங்கை நீளத்துக்கு இறங்கியது, தாளிலும் இளஞ்சிவப்பே படிந்தது. மைதானத்தில் எடுத்தது தாளில் மங்கிய பச்சை வட்டமொன்றைப் பதித்திருந்தது. தாளைச் சித்தியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பூண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். புற்றுக்காளானையும் வயதான ஒருவரிடம் காட்டிய பிறகே சமைப்பேன்.