ஃபாரோ தீவில் திமிங்கிலக் கறி: சாப்பிட்டது தப்பா?

ஊர்சுற்றி:
போன மாதம் வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளுக்குப் போயிருந்தேன். தங்கியிருந்த வீட்டு அம்மா ஒரு நாள் மதியம் தங்கள் சாப்பாட்டுக்கே கூப்பிட்டார். வேகவைத்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் கன்னங்கரேலென்று கறி, பட்டை பட்டையாக வெள்ளைக் கொழுப்பு. பைலட் திமிங்கிலமாம். கறி ஈரல் மாதிரி இருந்தது. கொழுப்பை மெல்ல மெல்ல மீன் எண்ணெய் வாசம் தொண்டை வரை இறங்கியது. படம் போட்டதுதான் தாமதம், நண்பர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அப்படி என்ன தப்பு செய்துவிட்டேன்?

மழைக்குருவி:
தப்புதான். படகுகளை வரிசைகட்டி விட்டு மொத்தத் திமிங்கிலக் கூட்டத்தையும் விரிகுடாவுக்குள் விரட்டி, கரையோரம் கொக்கி மாட்டி இழுத்து வெட்டுகிறார்கள். குட்டி, சினை என்று பார்ப்பதில்லை. டால்பின்களையும் இப்படித்தான் வேட்டையாடுகிறார்கள்; 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 1,428 டால்பின்களைக் கொன்றார்கள். அதற்கு உள்ளூர்க்காரர்களே பலர் முகம் சுளித்தார்கள்.

கடலோடி:
சுளித்தார்கள், அதனால்தான் மறு ஆண்டே அரசு டால்பினுக்கு ஆண்டுக்கு 500 என்று வரம்பு வைத்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 2015 முதல் பயிற்சி எடுத்தவர்கள்தான் கொல்லலாம்; தண்டுவடத்தை ஒரே குத்தில் அறுக்கத் தனி ஈட்டி இருக்கிறது. பிடித்ததை ஊருக்குள் பங்கு போட்டுக் காசு வாங்காமல் கொடுப்பதுதான் வழக்கம். பயிர் சரியாக விளையாத பாறைத்தீவு ஐயா அது. 1584 முதல் இந்த வேட்டைக்குப் பதிவேடு இருக்கிறது. பிராய்லர் கோழியை நாற்பது நாளில் வெட்டித் தின்கிற நாம் அவர்களுக்குப் பாடம் எடுப்பதா?

மழைக்குருவி:
எந்த விவாதம் என்றாலும் இந்த பிராய்லரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். நான் சைவம், என்னிடம் செல்லாது. அப்புறம், ஊருக்குள் பங்கு போடுகிறார்கள், சரி. அதே கறியை உணவகத்தில் பயணிக்கு விலைக்கு வைக்கிறார்களே, அது யாருடைய பங்கு?

மருந்துச்சீட்டு:
இரண்டு பேரும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கறியில் இருக்கும் பாதரசத்தை யாரும் பேசவில்லை. 1986, 87இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயிற்றில் இருக்கும்போது பாதரசம் அதிகம் சேர்ந்தவர்களுக்கு ஏழு வயதில் பேச்சு, கவனம், நினைவாற்றல் எல்லாம் கொஞ்சம் பின்தங்கியிருந்தன. 2008இல் அந்த நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியும் ஆய்வாளர் பால் வைஹேயும் இது இனி மனிதர் சாப்பிட ஏற்றதல்ல என்று எழுதினார்கள். சொன்னது வெளியூர்ப் போராளி அல்ல, அந்த மண்ணின் மருத்துவர்கள்.

கடலோடி:
அந்தப் பாதரசத்தைக் கடலில் கொட்டியது ஃபாரோக்காரரா? ஊர் உலகமெல்லாம் எரித்த நிலக்கரிப் புகை அது. நாம் கெடுத்துவிட்டு, அவர்களைச் சாப்பிடாதே என்கிறோம்.

மருந்துச்சீட்டு:
நியாயமான கோபம்தான். ஆனால் யார் கொட்டினாலும் தின்கிறவர் உடம்பில்தானே சேர்கிறது? மாதம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்பது அங்குள்ள உணவுத் துறையின் அறிவுரை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஊர்சுற்றி, நீங்கள் ஒரு முறை தின்றதால் ஒன்றும் ஆகாது. அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்களா?

ஊர்சுற்றி:
நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. அந்த அம்மாவின் மகளும் மேசையில் இருந்தார், நிறைமாதம். அவர் தட்டில் உருளைக்கிழங்கும் வேகவைத்த மீனும்தான். எனக்கு இரண்டாவது துண்டு வைத்த அம்மா, அந்தக் கறிப் பாத்திரத்தை மகள் பக்கம் நகர்த்தவே இல்லை.