மறு: நோட்டிபயபிள் டிசீஸ் – 'தெரிவிப்பு நோய்' என்று வைக்கலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

சில நோய்களைக் கண்டால் வைத்தியர் சுகாதார அதிகாரிகளிடம் சொல்லியே ஆகவேண்டும். அவற்றைத்தான் ஆங்கிலத்தில் நோட்டிபயபிள் டிசீஸ் என்கிறார்கள். அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> 'அறிவிக்கத்தக்க நோய்' என்றே வைத்துவிடலாம் ஐயா. எளிது, யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் பிழையாகப் புரியும் என்பதுதான் என் கவலை. 'தக்க' என்றால் அறிவிக்கலாம், விட்டும்விடலாம் என்று ஆகிவிடுகிறது. இலங்கையில் இது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டப்படி வைத்தியரின் கடமை. டெங்கு என்று சந்தேகம் வந்தாலே போதும், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

'அறிவிப்பு' என்பதும் எனக்கு இடிக்கிறது. கொழும்பில் அறிவித்தல் என்றதும் மரண அறிவித்தலும் ஒலிபெருக்கியும்தான் மனதில் வரும். வெள்ளவத்தையில் ஒரு அம்மாவிடம் "உங்கள் மகனின் நோயை அறிவிக்கப்போகிறோம்" என்றால் தெருவுக்கே சொல்லப்போகிறார்கள் என்றுதான் பயப்படுவார். நடப்பதோ வேறு. வைத்தியசாலையில் எச் 544 படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே பதிவேட்டில் ஏற்றி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுப்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து காய்ச்சல் எப்போது தொடங்கியது, பக்கத்து வீடுகளில் யாருக்கும் உண்டா, நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்ப்பார். நோய் உறுதியானால் தொற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறும். வாரந்தோறும் இவற்றின் தொகுப்பு தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும்.

இதில் விலாசம்தான் உயிர். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் பயத்தில் ஊர் விலாசத்தைக் கொடுத்தால் படிவம் ஊருக்குப் போய்விடும். நுளம்பு இருக்கும் கட்டடத்துக்கு யாரும் வரமாட்டார்கள், அடுத்த அறைக்காரரும் காய்ச்சலில் விழுவார். பயமுறுத்தாத சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

ஆகவே என் முன்மொழிவு: கட்டாயத் தெரிவிப்பு நோய். பேச்சில் தெரிவிப்பு நோய் என்று சுருக்கலாம். உரியவரிடம் சேதி சொல்வதைத்தானே தெரிவித்தல் என்கிறோம். தெரிவிப்புப் படிவம், தெரிவிப்புப் பதிவேடு, தெரிவித்த வைத்தியர் என்று மற்றச் சொற்களும் சிரமமில்லாமல் வந்துவிடும்.

> 'தெரிவு' என்பதோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். "அமைச்சர் தெரிவித்தார்" என்று தினமும் செய்தியில் கேட்கிறோம், யாரும் தேர்தலை நினைப்பதில்லை.

இன்னொரு பயனும் உண்டு. 2017இல் நாடு முழுவதும் 180,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கு சந்தேகத்தின் பேரில் தெரிவிக்கப்பட்டவர்களையும் சேர்த்தது. 'தெரிவிக்கப்பட்டோர்', 'உறுதிசெய்யப்பட்டோர்' என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் வாசகருக்கு அது விளங்கும்.

அப்புறம், சந்தேகத்தின் பேரில் அனுப்புவதற்குத் தனிச்சொல் வேண்டும். 'சந்தேகத் தெரிவிப்பு' பொலிஸ் வாடை அடிக்கிறது. 'ஐயநிலைத் தெரிவிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. வைத்தியத்துறை நண்பர்கள் இதைவிட இலகுவாக ஒன்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து