புதுப்பிப்பு: யூலிப்பை 'எஃப்டி மாதிரி' என்று விற்கச் சொன்ன விவகாரம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் வங்கிக் கிளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு யூலிப் பாலிசியை (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்தது) "எஃப்டி (நிரந்தர வைப்பு) மாதிரிதான் சார்" என்று விற்றிருந்தார்கள். நானும் அப்படியே பேச வேண்டும் என்கிறார் மேலாளர், என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, "அதையே மெயிலில் அனுப்பச் சொல்லுங்க" என்ற யோசனைதான். கேட்டேன். மேலாளர் அனுப்பவில்லை, பேச்சையும் அதோடு விட்டுவிட்டார்.

ஆசிரியரிடம் பாலிசிப் பத்திரத்தில் 5 வருட லாக்-இன் (அதுவரை பணத்தை எடுக்க முடியாது) வரியைக் காட்டினேன். முகமே வாடிவிட்டது. பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் ஃப்ரீ லுக்கில் ரத்து செய்யலாம் என்பதால் அன்றே எழுதிக் கொடுத்தார். பணம் வந்துவிட்டது.

எதிர்பாராத விஷயம்: யூலிப்பில் என்ஏவி (யூனிட்டின் அப்போதைய சந்தை மதிப்பு) கணக்குப்படிதான் திருப்புவார்கள், முத்திரைக் கட்டணமும் பிடிப்பார்கள். சந்தை இறங்கியிருந்ததால் கட்டியதைவிடக் குறைவாகவே வந்தது. வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மாதம் என் டார்கெட் முடியவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம்.