புதுப்பிப்பு: மகளின் மருத்துவப் படிப்பு

போன கோடையில் இந்தக் குழுவில் கேட்டிருந்தேன்: நாங்கள் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. 21 வயதானதும் மகள் எச்-4 குடும்ப விசாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிவிட்டாள். அமெரிக்காவில் மருத்துவம் படிக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் வாசல் குறுகல். இங்கேயே பள்ளி, கல்லூரி முடித்திருந்தாலும் விண்ணப்பத்தில் அவள் வெளிநாட்டு மாணவிதான். நீங்கள் சொன்னபடி, எந்த மருத்துவக் கல்லூரி யாரைச் சேர்க்கும் என்று காட்டும் எம்எஸ்ஏஆர் பட்டியலை முதலில் பார்த்தோம். அவளுடைய எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணைப் பார்த்து நாங்கள் கனவு கண்ட பல கல்லூரிகள் வெளிநாட்டினரைச் சேர்ப்பதே இல்லை. விண்ணப்பக் கட்டணம் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. இனிப்பு வாங்கி முடிப்பதற்குள் அடுத்த கடிதம்: நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் முன்பே எஸ்க்ரோ கணக்கில், அதாவது கல்லூரிக்கென்று ஒதுக்கிப் பூட்டி வைக்கும் கணக்கில், போட வேண்டுமாம். வீட்டை விற்றால்கூடப் போதாது! அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குக் கிடையாது. தனியார் வங்கியிலும் இணைக் கையெழுத்துப் போட குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ வேண்டும் என்கிறார்கள். யேல் மாதிரி ஒருசில இடங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் தேவை பார்த்து உதவுகின்றன. அங்கே இவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் பேசியபின், ஒரு வருடக் கட்டணத்தை மட்டும் முதலில் கட்டினால் சரி என்று கல்லூரி இறங்கி வந்தது. அக்காவின் கணவர் இங்கே குடிமகன். "மாப்பிள்ளை, எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க" என்றார் அத்தான். வட்டியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.