புதுப்பிப்பு: லாவெண்டர், ஊத் கலந்த சென்ட்ல வந்த பிளாஸ்திரி வாடை
லாவெண்டரும் ஊத்தும் (அகில் கட்டை வாசனை) கலந்த சென்ட் அடிச்சா பிளாஸ்திரி வாடை வருதேன்னு போன வாரம் கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மணிக்கட்டுல தேய்க்காதீங்க, நெஞ்சுல ரெண்டே ஸ்ப்ரே, அரை மணி நேரம் மோந்து பாக்காதீங்கன்னு ஒருத்தர் சொன்னதுதான் வேலை செஞ்சுது. முதல்ல சலூன்ல ஷேவ் பண்ணி முடிச்ச மாதிரி லாவெண்டர், அப்புறம் அந்த பிளாஸ்திரி வாடை லேசா எட்டிப் பாக்குது, ஆனா லாவெண்டர் சீக்கிரம் பறந்துடும், ஊத் கட்டை வாசனைதானே, அது நிதானமா வரும், 40 நிமிஷம் கழிச்சு சாம்பிராணி போட்ட ரூம்ல பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஆகிடுது. எதிர்பாக்காதது என்னன்னா, மறுநாள் துவைக்க எடுத்த சட்டையில ஊத் மட்டும் தனியா, கொஞ்சம் இனிப்பா நின்னுச்சு. வெயில்ல வேர்த்தா மட்டும் பிளாஸ்திரி திரும்ப வருது, அதனால ராத்திரிக்குத்தான் போடறேன்.