அலகும் பிழையும்: பயிற்சிக் கணக்குகளில் நாம் கண்டவை

வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெப்ப இயக்கவியல் கணக்குகளில் சூத்திரம் தெரியாமல் திணறுபவர்கள் குறைவு, அலகில் சறுக்குபவர்கள்தான் அதிகம். போன வாரம் ஒரு மாணவி நோட்டை நீட்டினாள். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா உண்டாகும் வினை. என்தால்பி (வினையின் வெப்பம்) மாற்றம் −92.2 கிலோஜூல், என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றம் கெல்வினுக்கு −198.7 ஜூல். 298 கெல்வினில் கிப்ஸ் ஆற்றல் மாற்றம் என்ன? என்தால்பி மாற்றத்திலிருந்து, வெப்பநிலையை என்ட்ரோபி மாற்றத்தால் பெருக்கிக் கழித்தால் வருவது அது; எதிர்க்குறி வந்தால் வினை தன்னிச்சையாக நிகழும், நேர்க்குறி வந்தால் நிகழாது. விடை +59,120 என்று எழுதி, கீழே "தன்னிச்சையாக நிகழாது" என்று அடிக்கோடும் போட்டிருந்தாள்.

பெருக்கல், கூட்டல் எல்லாம் சரி. கிலோஜூலையும் ஜூலையும் அப்படியே கூட்டியதுதான் தவறு. நான் அதைச் சொல்லவில்லை. "இது கிலோஜூல்தானே? இவ்வளவு பெரிய எண்ணை வேறெங்காவது பார்த்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ஒரு மோல் மீத்தேன் எரிந்தாலே 890 கிலோஜூல்தான் மிஸ்" என்றவள், அடுத்த நொடியே 198.7-ஐ 0.1987 ஆக்கினாள். −33.0 கிலோஜூல் வந்தது. குறியே மாறிவிட்டது!

அதோடு அவள் விடவில்லை. எந்த வெப்பநிலையில் குறி மாறும் என்று போட்டுப் பார்த்தாள். ஏறத்தாழ 464 கெல்வின். "அப்புறம் ஏன் தொழிற்சாலையில் 700 கெல்வின் பக்கம் வைக்கிறார்கள்?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறைந்த வெப்பநிலையில் வினை நகரவே நகராது. அதனால் சூட்டை ஏற்றி, குறையும் விளைச்சலை உயர் அழுத்தத்தால் ஈடுகட்டுகிறார்கள். மீதி வகுப்பு முழுக்க இதே பேச்சுதான்.

*

மேலே எழுதிய வேதியியல் ஆசிரியைக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரின் பதில்: எங்கள் செய்முறையிலும் இதே கதைதான் மேடம். தனி ஊசலை (நூலில் தொங்கி ஆடும் குண்டு) வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை: நீளம் 100.0 செ.மீ., 20 அலைவுக்கு 40.1 நொடி. கால்குலேட்டர் புவியீர்ப்பு முடுக்கம் 9.8204 என்று காட்டும், மாணவர்களும் அப்படியே எழுதிவிடுவார்கள். கடிகாரத்தை அழுத்தும் விரலிலேயே 0.2 நொடி போகிறது என்று வைத்துக்கொண்டால் அது 0.5 விழுக்காடு. காலம் சூத்திரத்தில் இருபடியாக வருவதால் 1 விழுக்காடு. நீளத்தின் பிழை 0.1 விழுக்காட்டையும் சேர்த்தால் 9.8 ± 0.1 என்பதற்கு மேல் எழுத நமக்கு உரிமை இல்லை. ஸ்கேலைக் குனிந்து குனிந்து பார்ப்பதைவிட 50 அலைவு எண்ணச் சொல்லுங்கள். மொத்தப் பிழை பாதியாகிவிடும்.

*

சூத்திரத்தை அப்படியே நம்பும் பிழைக்கு எனக்குப் பிடித்த கணக்கு 10⁻⁸ மோலார் (லிட்டருக்கு இத்தனை மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சூத்திரப்படி 8 என்று எழுதுவார்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றினால் காரமாகுமா? தண்ணீர் தானே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்த்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.98 வரும்.